நெட்டைக்காக ஒரு கீபோர்டு

"அப்பா, நமக்குப் புது கீபோர்டு வேணும்." பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள் சிட்டு.

எலக்ட்ரீஷியன் அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தார். "இருக்கிறதுக்கு என்னம்மா?"

"பாட்டு மேல போனா நெட்டைக்குக் குரல் உடையுது. நாளைக்கும் அப்படியே பாடினா வேற ஆளைப் போடுறேன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

நெட்டை சிட்டுவின் தோழி. வகுப்பிலேயே உயரமானவள். பள்ளி விழாவில் அவள் பாட, சிட்டு வாசிக்க வேண்டும்.

"சுருதியைக் குறைச்சு வாசியேன்."

"அப்ப கறுப்புக் கட்டையெல்லாம் நடுவுல வருதுப்பா. விரல் பின்னிக்குது. புதுசுல அதுக்குன்னே பட்டன் இருக்காம்."

இருவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். புது கீபோர்டில் சிட்டு ஒரு விரலை வைத்ததும் டிரம்ஸ், கிட்டார் எல்லாம் கூடவே சேர்ந்துகொண்டன. அப்பாவின் கால் தானாகத் தாளம் போட்டது.

"ரிதம் மட்டுமே அறுநூறு வகை இருக்கு. பழசைக் கொடுத்துட்டு மீதிப் பணத்தைக் கட்டினா இதை எடுத்துட்டுப் போகலாம்" என்றார் கடைக்காரர்.

சிட்டுவுக்கு வாயெல்லாம் பல். "சுருதி குறைக்கிற பட்டன் எது அங்கிள்?"

ஓரத்தில் கூட்டல், கழித்தல் குறி போட்ட இரண்டு பட்டன்கள் இருந்தன. கழித்தலை அவர் இரண்டு முறை அமுக்கினார். சிட்டு வழக்கமான வெள்ளைக் கட்டைகளையே வாசித்தாள். பாட்டு தணிந்து ஒலித்தது.

சட்டென்று அவள் விரல் நின்றது. வீட்டுக் கீபோர்டிலும் அதே ஓரத்தில் இரண்டு பட்டன்கள் உண்டு. குறிதான் அழிந்துபோயிருந்தது.

சொல்லாமல் இருந்தால் புதுசு இன்றே வீட்டுக்கு வந்துவிடும். சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்தப் பட்டன் நம்மகிட்டயும் இருக்குன்னு நினைக்கிறேன்."

"இத்தனை நாளா அமுக்கிப் பார்க்கலையா?"

"கண்டதை அமுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்பா கூரையைப் பார்த்தார். கடைக்காரர் சிரித்துவிட்டார். "முதல்ல வீட்டுல போய்ப் பாரும்மா. இது எங்கயும் ஓடிடாது."

வீட்டில் அமுக்கிப் பார்த்தாள். வேலை செய்தது.

மறுநாள் ஒத்திகையில் நெட்டை கடைசி வரி வரை குரல் உடையாமல் பாடினாள். "இதே மாதிரி விழாவுலயும் பாடு" என்றார் டீச்சர். நெட்டை சிட்டுவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மாலையில் அப்பா கேட்டார். "அப்ப புதுசு?"

"இதுல இன்னும் பதினெட்டு பட்டன் என்ன செய்யும்னே எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துட்டு யோசிக்கலாம்பா."

சொல்லிக்கொண்டே ஒன்றை அமுக்கிவிட்டு ஒரு கட்டையைத் தட்டினாள். கீபோர்டு குதிரை மாதிரி கனைத்தது.

"அடுத்ததை அமுக்கு" என்று அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.