தம்பியின் சத்தம்

தம்பி தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரை மேசைமேல் வைத்தான். சத்தம் வரவில்லை. கனமான எவர்சில்வர் தம்ளர், கண்ணாடி போட்ட மேசை; எவ்வளவு பதவிசாக வைத்தாலும் ‘ணங்’கென்று ஒரு சத்தம் வந்தே தீரும். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதுக்கு அந்தச் சத்தம் வந்தது, ஆனால் மேசையிலிருந்து வரவில்லை. முன்னறையில், அவள் கட்டிக்கொடுத்த ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அதில் அப்போது கிடார்கூடச் செருகியிருக்கவில்லை.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு சமாதானமும் கைவசம் வைத்திருந்தாள். பழைய காலத்து மாதிரி வால்வு வைத்துக் கட்டும் ஆம்ப்ளிஃபயரில் கிடாரின் ஒலி முதலில் போய்ச் சேருவது கட்டைவிரல் அளவுள்ள ஒரு கண்ணாடி வால்வுக்குள். நல்ல வால்வைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கர் கம்மென்று இருக்கும். உள்ளே கம்பிகள் தளர்ந்துபோன வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரும் மணி மாதிரி ஒலிக்கும். பக்கத்தில் யார் நடந்தாலும் தும்மினாலும் மைக் மாதிரி வாங்கிக்கொள்ளும். இந்த வேலை தெரிந்தவர்கள் அப்படிப்பட்டதைக் குப்பையில்தான் போடுவார்கள். இந்த வால்வை விற்ற பழைய சாமான் கடைக்காரரும் அதையே சொன்னார். அவள் போடவில்லை, ஏனென்றால் தம்பிக்கு அதன் ஓசை பிடித்துப்போயிற்று.

அவன் கேட்டு அவள் மறுத்த பொருள் என்று அந்த வீட்டில் எதுவும் இல்லை. பெற்றவர்கள் போன பிறகு மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, விரல் நுனியெல்லாம் வார்னிஷ் ஏறக் கம்பி சுற்றி, அவனை ஆளாக்கினாள். ஆளானவன் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானான். கப்பலில் வாசிக்கிற குழு ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. ஏறினால் வருஷக்கணக்கில் வரமாட்டான். போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாய் வராதவள் கையை நம்பினாள். அவன் படங்களில் பார்த்துப் பார்த்து ஏங்கிய அந்த ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே கட்டிக்கொடுத்தால், அதன் மயக்கத்தில் இங்கேயே உட்கார்ந்துவிடமாட்டானா என்று ஒரு கணக்கு.

“நான் கப்பல் ஏறக்கூடாதுன்னுதான இதெல்லாம்?” என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். அவளும் சிரித்து மழுப்பினாள்.

டிரான்ஸ்ஃபார்மரை அவளே சுற்றினாள். ஒவ்வொரு அடுக்குக்கும் தாள் வைத்து, வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்தாள். அலுமினியப் பெட்டிக்குத் துளையிட்டு, ஈயம் உருக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பற்றவைத்தாள். மின்சாரம் ஓடும்போது உள்ளே கைவிட வேண்டியிருந்தால் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகும். அணைத்த பிறகும் பெட்டியை நம்பமாட்டாள். பெரிய கண்டென்சர்கள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்து வெகுநேரம் கழித்தும் ஆளை அடிக்கும். அத்தனை ஜாக்கிரதைக்காரி, முதல் வால்வு விஷயத்தில் மட்டும் மனசை இளக்கிவிட்டாள்.

அந்த வால்வைப் போட்டு அவன் வாசித்த முதல் நாளே பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தான். அடுத்த வாரமும் தள்ளினான். விரல் கம்பியை விட்ட பிறகும் ஓசை நின்று நின்று ஒலித்தது. அதைக் கேட்டபடி அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். அவள் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள்.

தம்ளருக்குப் பிறகு அவள் காது தானாகவே அவனைப் பின்தொடர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை பிடித்துக்கொண்டு ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்த வீட்டில், சூடான தூசியும் வார்னிஷும் உருகிய பிசினும் கலந்த வாசனை முன்னறையிலிருந்து கசிந்து வர, வால்வுகளின் ஆரஞ்சு வெளிச்சம் தரையில் மங்கலாகப் படிந்திருக்க, அவன் பின்கட்டுக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டு ஈரக்காலோடு கூடத்தைக் கடந்து வந்ததை அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தரையில் கால்தடம் விழுந்தது. சத்தம் விழவில்லை. சளக் சளக்கென்ற அந்த நடை முன்னறையில், ஸ்பீக்கர் துணிக்குப் பின்னால், அங்கேயே நின்று நடந்துகொண்டிருந்தது.

வால்வு சத்தத்தை வாங்கும், சரி. பிடுங்கிக்கொள்ளுமா?

அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, தன் காதருகே விரலைச் சொடுக்கச் சொன்னாள். என்ன விளையாட்டு இது என்று முகத்தைச் சுளித்தபடி சொடுக்கினான். காற்று மட்டும் அவள் கன்னத்தில் பட்டது. சொடுக்கு முன்னறையில் கேட்டது. அவன் சிரித்தான். வாய் இங்கே விரிந்தது. சிரிப்பு அங்கே கேட்டது. கிடாரின் ஓசைபோலக் கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் நீண்டு.

அவன் சிரிப்பை நிறுத்தினான். அது உடனே நிற்கவில்லை.

“அக்கா, என் குரல் ஏன் அங்கருந்து வருது?” என்றான். அவளுக்கு எதிரே ஓர் அடி தூரத்தில் நின்றவனின் கேள்வி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

வால்வு, தளர்ந்த கம்பி என்று ஏதோ உளறினாள். அவன் கேட்கவில்லை. நேரே முன்னறைக்குப் போய்ச் சுவிட்சை அணைத்தான்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் அணைத்ததும் செத்துவிடாது. கண்டென்சரில் தேங்கியது வடியும்வரை ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது தேயத் தேய அவன் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்தான். முழங்கால் மடங்கியது. பொத்தென்று விழ வேண்டியவன் ஓசையே இல்லாமல் தரையில் விழுந்தான். அவள் ஓடிப்போய் அவன் மார்பில் காதை வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கிணற்றடிக் கல்லில் காது வைத்ததுபோல இருந்தது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கேட்டாள். ஸ்பீக்கரில். மெல்ல. லப் டப். இன்னும் மெல்ல. லப்.

பாய்ந்து சுவிட்சைப் போட்டாள்.

வால்வு சூடேறினால்தான் பேசும். அதற்குக் கொஞ்ச நேரமாகும். அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கண்ணாடிக்குள் கம்பி கருப்பாகவே இருந்தது. அவன் உதடு நீலமானது. ஒரு சிவப்புப் புள்ளி. வா. வா ராசா. புள்ளி கோடானது. கோடு ஆரஞ்சானது. ரீங்காரம் எழுந்தது.

லப் டப்.

அவன் கண்ணைத் திறந்தான். அவள் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதாள்.

அன்றைக்கே பட்டறைக்கு ஓடி, மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றைச் சுமந்து வந்து மாட்டினாள். அவனோ எழுந்து உட்காரவே திணறினான். வாசற்படிவரை தாங்கலாக நடத்திப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபயரைவிட்டுத் தள்ளிப்போகப் போகக் கால் துவண்டது. அதனால் அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். கப்பல் குழுக்காரர் போன் செய்து, கடைசித் தேதி நெருங்குகிறதே என்று கேட்டார். தம்பிக்கு உடம்பு சரியில்லை, இனி வரமாட்டான், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளே பதில் சொன்னாள். குரல் பிசிறவில்லை. போனை வைத்தபோது அவன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

“அக்கா, அந்த முதல் வால்வப் பிடுங்கிடு” என்றது ஸ்பீக்கர்.

“பிடுங்கினா நீ செத்துட்டா?”

“திரும்பி வந்தாலும் வரலாம்ல? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எது நடந்தாலும் பரவால்ல. இப்படி இருக்க முடியல அக்கா. உடம்பு காலியா இருக்கு.”

அவள் நியாயமாக யோசித்துத்தான் பார்த்தாள். வால்வைப் பிடுங்கினால் அவன் சத்தம் அவனுக்கே திரும்பலாம். எழுந்து நடக்கலாம். நடந்தால், கிடாரைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவான். இல்லாவிட்டால் அவள் கண்ணெதிரே நீலம் பாரித்துப் போவான். எப்படிப் பார்த்தாலும் நாற்காலி காலியாகத்தான் போகிறது. பிடுங்காவிட்டால் மட்டும் அவன் இருப்பான். இதை எண்ணியபோது அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவன் கண் மெல்ல விரிந்தது.

“உனக்கு இது பிடிச்சிருக்கு” என்றான்.

அவள் ஆம்ப்ளிஃபயரின் கழற்றி வைத்திருந்த பின்பலகையை எடுத்து மூடி, திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். அவன் நாற்காலியிலிருந்து சரிந்து, முழங்கையை ஊன்றித் தரையில் நகர்ந்து வந்து, பலகையை நகத்தால் பிறாண்டினான். பிறாண்டலும் உள்ளேயிருந்துதான் கேட்டது. அவள் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மறுபடி உட்காரவைத்தாள். கனமே இல்லை.

அப்போதுதான் அவன் கத்த ஆரம்பித்தான்.

அவள் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், அவள் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர். அந்தக் கத்தலை ஒரு பிசிறில்லாமல், வீடு நிறையக் கொடுத்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் பாத்திரம் நடுங்கியது. காப்பாத்துங்க என்றது. யாராவது வாங்க என்றது. கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு டீச்சர் மழையில் குடையோடு நின்று, உங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினார். அக்கா கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, தம்பி புதிதாக ஒரு பாட்டு பழகுகிறான், மைக்கில் கத்திப் பார்க்கிறான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாட்டு இப்படித்தானே டீச்சர் என்று அலுத்துக்கொண்டாள். டீச்சருக்கும் வயதுப்பிள்ளை உண்டு. தலையில் அடித்துக்கொண்டு, கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தாழ்ப்பாள் போட்டாள். முன்னறைக்கு வந்தாள். ஆம்ப்ளிஃபயரின் முன்னால் மண்டியிட்டாள்.

வால்யூம் குமிழில் கை வைத்தாள். இதுவும் அவனைக் கொன்றுவிட்டால்? மயிரிழை திருப்பினாள். திரும்பிப் பார்த்தாள். மார்பு ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சம். மார்பு ஏறி இறங்கியது. வீதிக்குக் கேட்ட கத்தல் கூடத்துக்குக் கேட்டது. பிறகு இந்த அறைக்கு மட்டும். பிறகு துணியில் காதை ஒட்டினால் மட்டும், கொசு அளவுக்கு, அக்கா அக்கா என்று. கடைசியில் குமிழ் முட்டி நின்றது.

வெளியே மழை பெய்வது நன்றாகக் கேட்டது.

அவள் சீப்பை எடுத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வியர்வையில் ஒட்டிய முடியை ஒதுக்கி, சின்ன வயதில் வாரிவிட்டதுபோல வகிடெடுத்து வாரினாள். பலகை இடுக்கில் கசிந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் அவன் வாய் தாடை கழன்றுவிடும் போலத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன. நாக்கு உள்ளே துடித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு முடி வெட்டிவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.