பெயரில்லாத நான்கு வரிகள்

எதிரில் அவள் உட்கார்ந்திருக்கும்வரை புதுக் கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனால் போதும், உள்ளே இருந்த ஃபேன் இரைய ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு மேட்டில் ஏறும் லாரி மாதிரி மூச்சுமுட்டி, மேசையில் கிடந்த பேனா உருண்டு விழும் அளவுக்கு. ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்தால் கப்சிப். வாத்தியார் நுழைந்த வகுப்பு தோற்றது.

பாகம் பாகமாக வாங்கி, நேற்றுதான் அவள் தம்பி வந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கறுப்புப் பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி. புது பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் அடித்தது. ஜன்னல் திறக்காத ஆஸ்பத்திரி வார்டின் வாசனை. அது அவளுக்கு அத்துப்படி. இதய ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் கணவரை அங்கிருந்து கூட்டி வந்திருந்தாள். தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காகவே மேசையைப் படுக்கையறை வாசலுக்கு அருகில் இழுத்துப் போட்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டித் தீர்த்த குறட்டைதான் இப்போது அவளுக்குத் தைரியம்.

"என் குறட்டையைச் சொன்னியே," என்று மதியம் படுத்தபடியே முனகினார் அவர். "இப்ப அதுக்கு அண்ணன் ஒருத்தனைக் கொண்டுவந்து நடுவீட்ல வச்சிருக்கே."

"நீங்க தூங்குங்க. நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் குறட்டை எழுந்தது. அவள் தம்பிக்கு வீடியோ கால் போட்டு, போனைத் திரைக்கு எதிரே ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தாள்.

"எந்த ப்ரோக்ராம் எவ்வளவு இழுக்குதுன்னு டாஸ்க் மேனேஜர்ல பாத்தா ரெண்டு பர்சன்ட்தான்டா காட்டுது. ஃபேன் மட்டும் ஊரைக் கூட்டுது."

"நீ கொஞ்சம் தள்ளிப் போ. நான் பாக்கறேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். ஃபேன் இரைந்தது.

"அக்கா, நூறு," என்றான் தம்பி. "நீ திரும்பினதும் நேரா நூறு. ப்ராசஸர் மொத்தத்தையும் லிஸ்ட்ல நாலு வரி தின்னுது. எதுக்கும் பேரே இல்லை."

"வைரஸாடா?"

"புது டிஸ்க். நெட் ஒயரையும் பிடுங்கியாச்சு. எங்கேருந்து வரும்?" கொஞ்சம் யோசித்தான். "முதுகைக் காட்டிட்டு நில்லு. சத்தம் வந்ததும் கண்ட்ரோல் கீயை அழுத்திப் பிடி, லிஸ்ட் அசையாம நின்னுடும். அப்புறம் ஒவ்வொண்ணா நிறுத்திப் பாரு. எதை நிறுத்தினா ஃபேன் அடங்குதோ, அவன்தான் திருடன். கடையில ஆள் நிக்குது, வச்சிடறேன்."

திரைக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் நீட்டி, அவள் காத்திருந்தாள். பிடரியில் சூடான காற்று பட்டது. ஃபேன் உச்சத்துக்குப் போனதும் கீயை அழுத்தித் திரும்பினாள்.

நான்கு வெற்று வரிகள். இந்த முறை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபேன் இரைந்தது. பிடிபட்டதைப் பற்றி அதற்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் வரியை நிறுத்தினாள். இரைச்சல் ஒரு படி இறங்கியது. தெருவில் வெகுநேரமாகக் குரைத்துக்கொண்டிருந்த நாய், பாதிக் குரைப்பில் நின்றது.

இரண்டாவது. சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாய் ஓய்ந்தது. மூன்றாவது. காலையிலிருந்து கடகடத்த மாடிவீட்டுத் தையல் மிஷினும் ஓய்ந்தது.

"அப்பாடா," என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவளுக்கோ தொழிலே சத்தத்தைக் கொல்வதுதான். புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள்; அதில் நாய், ஹாரன், நாற்காலி முனகல், வாக்கியங்களுக்கு நடுவே வாசிப்பவர் மூச்சு வாங்குவது, எல்லாவற்றையும் வெட்டி எறிவாள். அமைதி கூடக்கூட அவளுக்குச் சந்தோஷம் கூடியது. நான்காவது வரியையும் நிறுத்தினாள்.

ஃபேன் நின்றது.

வேலை முடிந்ததும் கண்ணை மூடி, மிச்சச் சத்தம் ஏதாவது இருக்கிறதா என்று காதால் தேடுவது அவள் பழக்கம். இப்போதும் மூடினாள். நாய் இல்லை. குழாய் இல்லை. மிஷின் இல்லை. வேறெதுவும் இல்லை.

எதுவுமே இல்லை.

குறட்டையும்.

"ஏங்க!"

மல்லாந்து படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. போர்வை ஏறவில்லை, இறங்கவில்லை. மூக்கின் கீழே விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். ஒன்றும் வரவில்லை. 'நானே நிறுத்திட்டேன்.' போன். போன் மேசையில் இருக்கிறது. வாசலை நோக்கித் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் ஃபேன் இரைய ஆரம்பித்தது.

மேசையிலிருந்து அல்ல. கட்டிலிலிருந்து.

முதலில் மெல்ல. பிறகு மூச்சுமுட்டி. அதற்கு அடியில் சொட்டும் குழாய். தையல் மிஷின். பாதியில் நின்ற குரைப்பின் மீதிப் பாதி. பிடரியில் சூடான காற்று.

திரும்பினாள். கப்சிப்.

மல்லாந்துதான் கிடந்தார். வாய் மட்டும் முன்பைவிட அகலமாகத் திறந்திருந்தது. முகம் அவள் பக்கம் இருந்தது.

பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வளவுதான். பார்க்கும்வரை ஒன்றுமில்லை. கண்ணை எடுக்காமல் பின்னால் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. தோள் கதவில் இடித்தது. கதவு நகர்ந்து சாத்திக்கொண்டது. கையைப் பின்னால் நீட்டி, திறக்கக் கைப்பிடியைத் துழாவினாள். கண் எரிந்தது. நீர் கோத்தது. அவர் முகம் கலங்கித் தெரிந்தது.

இமைத்தாள்.

அந்தத் துளி இருட்டுக்குள் இரைச்சல் முழுதாக வந்து போனது.

கண்ணைத் திறந்தபோது அவருடைய ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது. கைப்பிடி இன்னும் அகப்படவில்லை. கண் மறுபடி எரியத் தொடங்கியது.