நுரை கட்டாத பீப்பாய்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக நிலவறையில் வெந்நீர்க் கலனின் அடியில் எரியும் சிறு சுடர் அணைந்திருந்தது. மாடிக் குழாயில் விரல் விறைக்கும்படி வந்த தண்ணீரை உதறிவிட்டு, ஆர்டிஸ் கணவனை மனதுக்குள் வைதாள்.

மெர்லுக்குப் பீர் காய்ச்சும் பைத்தியம் பிடித்து நான்கு வருடம். ஒரு பீப்பாயாவது நுரை கட்டியதில்லை. நுரைக்காக ஏற்றும் கரியமில வாயு சிலிண்டரில் நான்கே நாளில் தீர்ந்துபோகும்; பீர் மட்டும் ஆறிப்போன தேநீர் மாதிரி அசையாமல் கிடக்கும். வாஷர் தேய்ந்திருக்கும், சோப்புத் தண்ணீர் தடவிப் பார் என்று அவன் தம்பி வெண்டல் பலமுறை சொல்லியாயிற்று. மெர்ல் காதை வைத்துக் கேட்பான். ஒழுகவில்லை என்பான். ஸ்பேனரால் இன்னொரு திருகு திருகுவான். இப்போது ஆள் உயர சிலிண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். அமெரிக்காவின் ஏரிக்கரை நகரமான டுலூத்தின் ஜனவரிக் குளிருக்கு நிலவறை ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, இம்மிக் காற்றும் புகாமல் இறுக்கியிருந்தான். அவன் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

"நாலு மணிக்கு உன் பீர் சங்கத்து ஆளுங்க வராங்க," என்றாள் ஆர்டிஸ். "போன மாசம் மாதிரியே சிங்க்ல ஊத்திட்டு, பிரமாதம்னு சொல்லிட்டுப் போவாங்க. உனக்கு அதுவே போதும்."

"இன்னிக்கு நுரை வரலேன்னா நான் மேலயே வரல, போ."

இறங்கிப் போனான். ஸ்பேனர் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் சீறல் ஒன்று, ஏரிக்காற்று கதவிடுக்கில் நுழைவது போல, நீளமாக, விடாமல். பிறகு அதுவும் நின்றது. மூன்றே கால். அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. உர்ரென்று உட்கார்ந்திருக்கிறான், உட்காரட்டும் என்று விட்டுவிட்டாள். மூன்றரைக்கும் பதில் இல்லை. நிலவறைக் கதவைத் திறந்தபோது சோடா மூக்கில் ஏறியது போல் ஒரு சுருக்கு.

ஹாலில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்த வெண்டல் எழுந்து வந்தான். "நீங்க போனா சண்டைதான் அண்ணி. நான் பாக்கறேன்."

பத்துப் படி இறங்கும் சத்தம். "அண்ணா" என்று பாதியில் நின்ற குரல். பிறகு மாவு மூட்டையை இறக்கி வைத்தது போல ஓர் ஓசை.

"ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடறீங்களா?" என்றாள். குரலில் ஏளனம் இருந்தது. அதற்குள் முதல் படியில் கால் வைத்திருந்தாள்.

கலனைப் பற்றவைக்க எடுத்திருந்த தீப்பெட்டி கையில் இருந்தது. எதற்கென்று தெரியாமலே ஒரு குச்சியைக் கிழித்துக்கொண்டு இறங்கினாள். ஆறாம் படியில் குச்சி அணைந்தது. அணைக்கக் காற்று எதுவும் வீசவில்லை. இன்னொன்று. தலைக்கு மேல் பிடித்தாள், எரிந்தது. இடுப்புக்குத் தாழ்த்தினாள். தண்ணீரில் முக்கியது போல அணைந்தது.

மூச்சு இரைத்தது. தலை சுற்றியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

கீழே விளக்கு எரிந்தது. மெர்ல் சுவரில் சாய்ந்து சரிந்திருந்தான். வெண்டல் அவன் மடியில் குப்புறக் கிடந்தான். பீப்பாய்க் குழாய் திறந்தபடி. பீர் கொட்டிக்கொண்டிருந்தது. நுரை. கெட்டியான, வெள்ளை நுரை. வெண்டலின் தலைமுடியை மூடி, மெர்லின் மார்பில் ஏறி, வாயைத் தாண்டியிருந்தது.

இன்னும் நான்கு படி.

மெர்லின் மூக்கடியில் ஒரு குமிழி உப்பியது. உடைந்தது.

இன்னொன்று உப்பியது. உடைந்தது.

மூச்சா, வெறும் நுரையா என்று தெரியாமல் அவள் அடுத்ததற்குக் காத்து நின்றாள்.