காணாமல் போன பழைய ஊசிகள்

புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு டாக்டர் விமலாராணி அலமாரியைத் திறந்தார். பெட்டி இல்லை. திங்கள் பிற்பகல் அவரே வைத்துப் பூட்டியது. பூட்டு உடைபடவில்லை.

பெட்டியில் இருந்தவை, போதை ஊசி போடுகிறவர்கள் திருப்பிக் கொடுத்த பழைய ஊசிகள். விருத்தாசலம் பீங்கான் பேட்டை ஓரத்திலுள்ள அந்த மையத்தில் பழைய ஊசிக்குப் பதில் புதியது தருவார்கள். ஒரே ஊசியைப் பலர் போட்டு நோய் வாங்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. அது பலிக்கிறதா என்று ஊசிகளிலுள்ள ரத்தத்தை ஆய்வகம் சோதித்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் மையத்தை மூடிவிடுவார்கள்.

எஸ்.ஐ. மதிவதனி திருவிழா பந்தோபஸ்து முடிந்து தூங்காமல் வந்திருந்தார். குப்பையைத் திருடியதற்கெல்லாம் புகாரா என்று அலுத்துக்கொண்டார். விவரம் கேட்டதும் அலுப்பு இன்னும் கூடியது.

சாவி இரண்டு. ஒன்று விமலாராணியிடம். அவர் திங்கள் பிற்பகலே பெட்டியைப் பூட்டிவிட்டுப் புதுச்சேரி போய் இன்றுதான் திரும்பினார். இன்னொன்று களப்பணியாளர் பிலோமின்ராஜிடம். அவரும் ஒரு காலத்தில் ஊசியோடு கிடந்து மீண்டவர்தான். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு நின்றார். சாவி ஆணியில்தான் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றார். பக்கத்துச் சூளைக்காரர் கொளஞ்சியப்பன் அடிக்கடி வந்து சண்டை போடுவார் என்றும் சொன்னார். மையத்தை மூடச் சொல்லி மனு மேல் மனு போட்டவர் கொளஞ்சியப்பன்.

பதினொன்றரை. சூளையில் கொளஞ்சியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சொந்தச் சூளை இல்லாத சிறு தொழில்காரர்கள் அவர் சூளையில் ஆளுக்கொரு தட்டு வாடகைக்கு எடுப்பார்கள். அடுத்தவர் தட்டிலுள்ளதை யாரும் தொடுவதில்லை, என்னவென்று கேட்பதுமில்லை. பேட்டையில் அது மரியாதை.

"திங்கக்கிழம சாயங்காலம் சூளயப் பத்த வெச்சப்பவே பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சிது. இன்னிக்கித் தொறந்தா இப்படிங்க. யாரோ இரும்ப வெச்சிருக்காங்க, அது வெந்தா வெள்ளச் சரக்குல புள்ளி விழும். என் சரக்கும் போச்சு."

கீழ்த்தட்டில் ஒரு மண்ஜாடி வெடித்துக் கிடந்தது. சுற்றியிருந்த வெள்ளை அகல்களில் எல்லாம் கறுப்புப் புள்ளி. அந்தத் தட்டு பிலோமின்ராஜின் மனைவி ஜெசியுடையது. அகல்களைத் திங்கள் மதியமே அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டதாகவும், ஜாடி தன்னுடையது இல்லை என்றும் அவள் அழுதாள். மதிவதனி ஜாடிக்குள் கரியாகிக் கிடந்த மெல்லிய கம்பிகளைப் பார்த்தார். மேற்கொண்டு யாரையும் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு மையத்தில் விமலாராணியையும் பிலோமின்ராஜையும் உட்காரவைத்து மதிவதனி பேசினார்.

"கொளஞ்சியப்பன் இல்லீங்க டாக்டர். தன் சரக்கு வேவுற சூளையில அவரு இரும்ப வெக்க மாட்டாரு. மையத்த ஒழிக்க நெனக்கிற வேற எவனா இருந்தாலும் பெட்டியத் தூக்கி மணிமுத்தாத்துல வீசிட்டுப் போயிருப்பான். இது யாரு கால்லயும் குத்தக்கூடாது, குப்ப பொறுக்குறவங்க கையில படக்கூடாதுன்னு பாத்து, ஜாடியில மூடி நெருப்புல வெச்சது. திருடும்போதும் இத நெனக்கிற பழக்கம் இந்த மையத்து ஆளுக்குத்தான் வரும். நீங்க ஊர்ல இல்ல. பிலோமின்ராஜ், சட்டக்கைய மடிங்க."

அவர் மெதுவாக மடித்தார். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய புதுத் தடங்கள்.

மறுபடி போதையில் விழுந்து இரண்டு மாதம் ஆகிறதாம். போட்ட ஊசியைத் தெருவில் எறிய மனசு வரவில்லை. பழக்கத்தில் பெட்டியிலேயே போட்டுவிட்டார். சிலதை மட்டுமல்ல, இந்த முறை ஒவ்வொரு ஊசியையும் சோதிப்பார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டிருக்கிறார்.

"என் ரத்தம்னு தெரிஞ்சிடும்னு பயந்துட்டேன் டாக்டரம்மா. வேல போயிடும். ஜெசிக்குத் தெரிஞ்சா செத்துடுவா."

விமலாராணிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"கிருமி இருக்குதா இல்லியான்னுதாங்க அதுல தெரியும். யாருதுன்னு தெரியாது. வாசல்ல நின்னு வரவங்களுக்கெல்லாம் நீங்கதான அதச் சொன்னீங்க?"

பிலோமின்ராஜ் தலையை ஆட்டினார். நூறு பேரை நம்பவைத்த பேச்சை அவரால் மட்டும் நம்ப முடியவில்லை.

புகாரை எழுதிக்கொள்ளட்டுமா என்று மதிவதனி கேட்டார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு விமலாராணி அலமாரியிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் மையம் தொறந்துதான் இருக்கும். எடுத்துக்குங்க. எல்லாருக்கும் போலத்தான், பேரு சொல்ல வேணாம்."