பெயர் தைத்த எச்சில் துணி

சின்னக்கானலில் நான் ஜீப்பை விட்டு இறங்கியபோது மணி மதியம் இரண்டுதான். அதற்குள் பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. ஈரமண் வாடை அடித்தது. ஒரு கையில் பை, மறு கையில் தையல் மெஷின். என் தம்பி மிக்கேல்ராஜ் விடிந்ததும் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விடுவான். எட்டு மாத வயிற்றோடு தனியாக இருந்த அவன் மனைவி சோனாவுக்குத் துணையாக வந்திருந்தேன்.

லயத்து ஆட்களைப் பற்றி, அதாவது இந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்காரர்களைப் பற்றி, எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. நானும் இப்படி ஒரு லயத்தில் பிறந்தவள்தான், அதனால்தான் கிடையாது. கையில் டச் போன், தலைக்குள் நூறு வருஷத்துப் பயம். மூணாறில் தையல் கடை போட்டபோதே அந்தப் பயத்தையெல்லாம் உதறிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சோனாவின் வீட்டில் வரப்போகும் பிள்ளைக்கென்று ஒரு முழத் துணி இல்லை. பிறக்கும் முன் புதுசு தைக்கக் கூடாதாம். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய மூத்த பையன் குறைமாதத்தில், ஆஸ்பத்திரி போகும் வழியில் ஜீப்பிலேயே பிறந்து அரை மணி நேரம் மட்டும் இருந்தான். ஞானஸ்நானம் இல்லாமல் போனவன் என்று கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பெயரே இல்லாததற்குச் சிலுவையில் என்னத்தை எழுதுவது என்று கேட்டார்களாம், லயத்து அறிவாளிகள்.

அன்றே தைக்க உட்கார்ந்தேன். குழந்தை கழுத்தில் கட்டும் எச்சில் துணி. இரண்டு பருத்தித் துணிக்கு நடுவே மெல்லிய பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, கட்டம் கட்டமாக உப்ப வைத்தேன். நெஞ்சுப் பக்கம் நீல நூலில் சங்கிலித் தையலாகப் பெயர். ஆண் பிள்ளையானால் ரிஜின் என்று சோனாவும் தம்பியும் முடிவு செய்திருந்தார்கள்; அதையே தைத்தேன்.

அடுத்த வீட்டுச் செபமாலையம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

"டின்சி, ஞானஸ்நானத் தண்ணி ஊத்துறதுக்கு முன்னால பேரத் தைக்காத. பேரு இல்லாதது ஒண்ணு கல்லறைச் சுவத்துக்கு வெளிய கெடக்கு. எடுத்துக்கிரும்."

"எடுத்துக்கிட்டுப் போயி ரேஷன் கார்டுல சேக்கப் போகுதாக்கும்?" என்றேன். அவள் கூடையோடு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆணியில் மாட்டியிருந்த துணி நெஞ்சுப் பக்கம் மட்டும் நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். கூரை காய்ந்து கிடந்தது.

முகர்ந்தேன். திரிந்த பால் வாடை.

மதியம் சோனா மெதுவாகச் சொன்னாள். "மைனி, நேத்து ராத்திரியிலருந்து பிள்ளை அசையல."

"வயித்துக்குள்ள அதுக்கு என்ன வேலை, தூங்கும்" என்றேன். சர்க்கரை போட்டுத் தேயிலைத் தண்ணி கொடுத்து இடப்பக்கமாகப் படுக்க வைத்தேன். ஒரு மணி நேரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றுமில்லை. ஜீப்புக்குச் சொன்னோம். பனியில் வரத் தாமதமாகும் என்றான் டிரைவர்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சப்பும் சத்தம்.

ஆணிப் பக்கமிருந்து வந்தது. ஓட்டு இடுக்கில் எலி இருக்கும் என்றேன். என் குரலையே நான் நம்பவில்லை. துணியை எடுத்து, நீல நூலைப் பிரிக்க ஊசியை விட்டேன். முதல் கண்ணி அறுந்தது.

துணி அழுதது.

மெல்லிய, களைத்துப்போன அழுகை. பிறந்து அரை மணி நேரம்கூட ஆகாத பிள்ளையின் அழுகை.

சோனா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் பயமே இல்லை. "பிரிக்காதீங்க மைனி. எனக்குத் தெரியும் இந்தச் சத்தம். ஜீப்புல கேட்டது. மூத்தவன்."

"உனக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

அவள் டம்ளரில் தண்ணீர் மொண்டாள். துணியை என் கையிலிருந்து பிடுங்கி மார்பில் அணைத்து, அன்று ஜீப்பில் செய்யத் தோன்றாததைச் செய்தாள்; தண்ணீரைத் துணியின் மேல் ஊற்றினாள். "ரிஜின், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

அழுகை நின்றது. அவள் சேலைக்கு அடியில் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து எழும்பியது. உள்ளே இருந்தவன் உதைத்தான். சோனா உட்கார்ந்து அழுதாள்.

துணிக்கு ஞானஸ்நானம். கடையில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சொல்லவில்லை. பிள்ளை நல்லபடி பிறந்தான். ரிஜின் என்ற பெயர் மூத்தவனுக்குப் போய்விட்டதால் சூசையப்பன் என்று பெயர் வைத்தார்கள். பூனை கத்தியிருக்கும், மனப்பிரமை என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லயத்து ஆட்களை இளக்காரமாகப் பார்த்தவள் அவர்களைவிடக் கேவலமாகப் பயந்து, அவர்களைவிட அதிகமாகப் பொய் சொன்னேன்.

போன வாரம் சோனா சட்டை தைக்க வாட்ஸப்பில் கழுத்தளவு அனுப்பினாள். சூசைக்கு ஒன்பதரை அங்குலம். அதற்குக் கீழே ரிஜினுக்குப் பத்தே கால். பின்னாலேயே அவள் குரல் வந்தது, சாதாரணமாக, கொஞ்சம் சலிப்பாக.

"மூத்தவன் அளவெடுக்க ஒரு எடத்துல நிக்கவே மாட்டேங்கிறான் மைனி. அரை இஞ்சு கூடவே வச்சுத் தைங்க."