முந்தி வரும் குரல்

மூன்றாவது தடவையாக அந்த வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தும்போதே எனக்கு எரிச்சல். பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டர்களை ரிப்பேர் செய்கிறவன் நான். என் மனைவிகூட என்னை ஒரே வேலைக்கு மூன்று தடவை கூப்பிட்டதில்லை.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். செத்துப்போன தங்கையின் குரல் அவரிடம் ஒரே ஒரு டேப்பில்தான் இருந்தது.

"ரெட்டைக் குரல் இன்னும் போகல தம்பி. அவ பேசறதுக்கு முன்னாடியே வேற யாரோ முணுமுணுக்கறாங்க."

"வேற யாரும் இல்ல சார். அவங்களேதான்."

டேப்பை வருஷக்கணக்கில் இறுக்கிச் சுற்றி வைத்தால், ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும். வரப்போகிற பேச்சு கொஞ்சம் முன்னாலேயே மெலிசாகக் கேட்கும். ஒட்டுக்குரல் என்பேன் நான். பேயுமில்லை, பிசாசுமில்லை.

ரிக்கார்டரில் டேப் உரசிப் போகும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். டேப்பை முன்னும் பின்னும் ஓட்டினேன். அப்படிச் செய்தால் ஒட்டுக்குரல் மங்கிவிடும். எத்தனை டேப்பில் பார்த்திருக்கிறேன்!

ஓடவிட்டேன். மெலிசாக, "அண்ணா, எங்க இருக்க?" அப்புறம் சத்தமாக, "அண்ணா, எங்க இருக்க?"

மங்கவில்லை. மறுபடியும் சுற்றிப் போட்டேன். இப்போது மெலிசான குரல் கணீரென்று கேட்டது. சத்தமான குரல் தேய்ந்திருந்தது. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவ குரல் போயிடுச்சா?" என்றார்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார். நானே கடுப்புல இருக்கேன்."

இன்னொரு தடவை போட்டேன். சத்தமான குரல் வரவே இல்லை. முந்தி வரும் குரல் மட்டும், காதோரம் பேசுவதுபோல் வந்தது.

"அண்ணா, எப்ப வர்ற?"

அந்த டேப் எனக்கு மனப்பாடம். அதில் இப்படி ஒரு பேச்சு கிடையாது.

அறையில் ஈரத்துணி வாடை அடித்தது. பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்பூல்கள் நின்றன.

ஸ்பீக்கர் நிற்கவில்லை.

மெலிசாக ஓர் ஆண் குரல். கரகரப்பான குரல்.

"இதோ வந்துட்டேம்மா."

நிமிர்ந்து பார்த்தேன். அது டிரைவரின் குரல். அவர் உதடுகள் மூடியிருந்தன.

"நீங்களா பேசினீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

இல்லை என்று தலையாட்டினார். முகத்தில் பயமே இல்லை. ஏதோ விடை கிடைத்தவர்போல் லேசாகச் சிரித்தார்.

மெலிசாகக் கேட்டது அடுத்து சத்தமாக வந்தே தீரும். டேப்தான் நின்றுவிட்டதே, இனி அது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

"பேசாதீங்க சார்! உங்களைக் கும்பிடறேன், ஒரு வார்த்தையும் பேசாதீங்க!"

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன்.

என் உள்ளங்கைக்குள் அவர் உதடுகள் அசைந்தன.