துறவியோடு போட்டி

அவள் மடக்கிய குடையிலிருந்து ஒரு துளி... நனைந்துவிட்டதா என்று அவன் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த வரைபடத்தின் மேல் விழுந்தது.

"பாலைவனத்துல மழை பெய்ய வெச்சுட்டீங்க மேடம்."

வரைபடம் வரைவது அவன் தொழில். மழைக்கு அருங்காட்சியகப் படியில் ஒதுங்கியிருந்தான். நிமிர்ந்தால், ஈர இமைகளுக்குள் இரண்டு கண்கள்... மன்னிப்புக்கூடக் கேட்காமல் மை கலைந்த மணலையே பார்த்தன.

"நீங்க வரைஞ்சதா? எனக்கு ஒருத்தர் நடந்த வழி வேணும்."

யாரந்த ஒருத்தர்? அந்த நொடியிலேயே அவனுக்குள் போட்டி ஆரம்பித்துவிட்டது.

புத்தர் சொன்னதை மூலத்திலேயே படிக்க ஆசைப்பட்டு, தூர தேசத்திலிருந்து மணலையும் பனிமலையையும் தாண்டி நம் நாட்டுக்கு வந்த பழங்காலத் துறவி அவர். அவள் அவரை ஆராய்பவள். கண்காட்சிச் சுவருக்காக அவர் வழியை வரைய, தினமும் மாலையில் அருங்காட்சியகத்திலிருந்த அவள் அறைக்கு வந்தான். பேச்சு முழுக்க அவர்தான். அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம். கூட வந்தவர்கள் கணவாயில் இறந்தபோது விம்மி அழுதாராம். சொல்லும்போதே அவள் கண் கலங்கும்... எதிரில் ஒருவன் சளி பிடித்துத் தும்மிக்கொண்டிருப்பது மட்டும் அந்தக் கண்ணில் படாது.

"அவர் செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு மேடம்."

"அதனால?"

முற்றும் துறந்தவரோடு போட்டியா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வயிறு எரிந்தது. ஒருநாள் பென்சிலை அழுத்தி, படத்தில் துறவியை மலையிலிருந்து இறக்கிய கையோடு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டான்.

அவள் படத்தைப் பார்த்தாள். "அவர் படிச்ச மடாலயம் எங்கே?"

"அங்க அப்படி என்ன படிச்சுக் கிழிச்சுட்டார்?"

அவள் முகம் சுருங்கியது. "அந்த மடாலயம் எரிஞ்சு போச்சு. ஏடும் போச்சு. அவர் தன் மொழியில எழுதிக் கொண்டுபோனதுதான் மிச்சம். அப்பா போனப்புறம் எனக்குப் பிடிமானமே அதுதான். ஒரு இடத்துல இல்லாமப் போனது, இன்னொரு இடத்துல இருக்கும்னு..." நிறுத்தினாள். "நான் வேற ஆளை வெச்சு வரைஞ்சுக்கறேன். நீங்க போகலாம்."

சில நாள் வீம்பாக இருந்தான். பிறகு வந்தான். வேறு ஆள் யாரும் வந்திருக்கவில்லை. படம் அப்படியே மேஜையில் கிடந்தது. தப்பாக வரைந்த வழியை அழித்துவிட்டு மடாலயத்தை வரைந்தான். ஒவ்வொரு மாடமாக, பொறுமையாக...

"பொறாமைல பண்ணிட்டேன்."

"யார் மேல?"

பென்சில் நுனி துறவியின் வழியைக் காட்டியது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "பாவம், சாமியார் மேலயா?"

"அவரைப் பத்திப் பேசறப்போ உங்க கண்ணை நீங்க பாத்ததில்லை மேடம்."

ஜன்னலில் தூறல். அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. கோடு கடைசி மலையையும் தாண்டியது. அவர் ஊருக்கு இன்னும் ஒரு விரற்கடைதான்... அவன் கை நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அவர் ஊர் போய்ச் சேர்ந்துட்டா, நானும் கிளம்பணுமே."

அவள் அவன் கைமேல் கைவைத்து, மெல்ல நகர்த்தி, அந்தக் கோட்டை முடித்தாள்.

"அவர் போகட்டும்," என்றாள். "நீங்க இருங்க."